இல்லாத பெயர்

2006 ஒக்டோபர் 9, திங்கள்

பெயர் தேடுவதற்கு நான் எழுதும் நிரல், ஹாஷ் டேபிள், இன்று முதன்முறையாக ஓடியது. ஓடியது என்று எழுதவே தயக்கமாக இருக்கிறது. நாளைக்கு நின்றுவிடலாம்.

திருகோணமலை நிவாரண அலுவலகத்து வாசலில் காலையிலிருந்தே சனம். சண்டையில் சம்பூர், மூதூர்ப் பக்கத்திலிருந்து சிதறிப்போன குடும்பங்களைத் தேடுகிறவர்கள். இதுவரை கடதாசிக் கட்டுகளை மேசையில் போட்டு, ஒருவர் தோளுக்கு மேலால் இன்னொருவர் எட்டிப் பார்த்து, எச்சில் தொட்டுப் புரட்டி, பாதிப் பக்கங்கள் கிழிந்துவிட்டன. பொறுப்பாக இருப்பவர் நஜ்முன் நிஸா. அவரும் ஓகஸ்டில் இரண்டு மகள்களோடு மூதூரிலிருந்து ஓடி வந்தவர்தான். துறைமுகத்தில் கடல் ஏற்ற இறக்கக் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்ற ஒரு கிழவன் வீட்டிலிருந்து கணினிக்கு நிரல் எழுதும் சி மொழி படிக்கிறான் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். எனக்குச் சம்பளம் இல்லை. மத்தியானச் சோறு உண்டு.

"எக்செல் போதும் சேர். நான் ஒரு குடிசைதான் கேட்டன், நீங்க கோட்டை கட்டுறீங்க" என்றார்.

பழைய கணினி. எக்செல் கோப்பு திறப்பதற்குள் தேநீர் குடித்துத் திரும்பி வரலாம், அதனால்தான் கோட்டை என்றேன். அது முழு உண்மையில்லை. கைக்கு ஒரு வேலை வேண்டியிருந்தது.

ஒக்டோபர் 10, செவ்வாய்

பின்னால் எனக்கே மறந்துபோகும், எழுதி வைக்கிறேன்.

குடும்பத் தலைவரின் பெயரை எடுக்கிறோம். ஒவ்வோர் எழுத்தும் ஓர் எண். முப்பத்தொன்றால் பெருக்கி, அடுத்ததைக் கூட்டி, மறுபடி பெருக்கிக்கொண்டே போய், கடைசியில் ஒரு முதன்மை எண்ணால் வகுத்தால் வருகிற மீதிதான் அந்தப் பெயருக்கு அறை இலக்கம். விபரம் அந்த அறையில் போய் இருக்கும்: ஊர், ஆண் எத்தனை, பெண் எத்தனை, எந்த முகாம். இரண்டு பெயருக்கு ஒரே மீதி வந்தால் ஒருவர் பின் ஒருவராகச் சங்கிலியில் கட்டிவிடுகிறேன். தேடும்போதும் அதே கணக்கு. வழியில் யாரையும் விசாரிக்க வேண்டாம். நேராக அந்தக் கதவில் போய் நிற்கலாம்.

நேராக. எவ்வளவு நல்ல சொல்.

பட்டியல்கள் பாமினி எழுத்துருவில் வருகின்றன. சி மொழிக்கு அது வெறும் ஆங்கில எழுத்துக் குவியல். அதற்கு ஆளையும் தெரியாது, சாதி சமயமும் தெரியாது.

இல்லாத ஒரு பெயரைக் கேட்டும் சோதிக்க வேண்டும். இருப்பதை இருக்கிறது என்பது பெரிய காரியமில்லை. அதற்கு என் பெயரையே வைத்துக்கொண்டேன்: சி.வே. பாக்கியரத்தினம். நான் எங்கும் இடம்பெயரவில்லை, உவர்மலையில் என் வீட்டில் இருக்கிறேன். 'இல்லை' என்று வர வேண்டும். வந்தது.

அதற்கு முன் மனைவி ஈஸ்வரியின் முழுப்பெயரை, இரத்தினேஸ்வரி என்று போட்டிருந்தேன். அவளுடைய அக்கா வள்ளியம்மா பெயரையும் போட்டேன். அவற்றுக்கும் 'இல்லை'.

ஒக்டோபர் 12, வியாழன்

ஈஸ்வரி இல்லை. வள்ளியம்மா இல்லை. நான் இல்லை.

ஒக்டோபர் 15, ஞாயிறு

பின்னேரம் கடற்கரைப் பக்கம் போனேன். கோட்டையிலிருந்து இறங்கி வந்த மான் ஒன்று குப்பையில் வாழைப்பழத் தோல் தின்றுகொண்டு நின்றது. ஈஸ்வரி இருந்தால் அதனோடு கதைத்திருப்பாள்.

சித்திரை வருடம் பிறந்த கையோடு போனவள். கிணற்றடியில் விழுந்து அக்காவுக்கு இடுப்பெலும்பு உடைந்துவிட்டது, சம்பூரில் பார்க்க ஆளில்லை. மூதூருக்குப் போகும் லோஞ்ச் படகில் ஏற்றிவிட்டேன். "சோத்துப் பானையை ஊறப் போடுங்கோ, காயவிட்டிடாதேங்கோ" என்றுதான் கடைசியாகச் சொன்னாள். பிறகு செல்லடி. லோஞ்ச் நின்றது. எங்கள் வீட்டில் தொலைபேசி இல்லை. சந்தியில் இருந்த தொலைபேசிக் கடைக்கு இரண்டு தரம் எடுத்துக் கதைத்தாள். அந்தக் கடைக்காரரும் ஓகஸ்டில் பூட்டிவிட்டு இந்தியாவுக்குப் போய்விட்டார். செப்டெம்பரில் சம்பூர்ச் சனம் முழுவதும் வெருகல், வாகரை என்று தெற்கே நடந்துவிட்டது.

இக்கரையில் நின்று பார்த்தால் அக்கரை தெரிகிறது. நீல நிறத்தில் ஒரு கோடு. அதில் இப்போது அவள் இல்லை என்று தெரிந்தும் அதைத்தான் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். வேறு எங்கே பார்ப்பது?

நவம்பர் 2, வியாழன்

கட்டைபறிச்சான்காரர் ஒருவர் தம்பியின் பெயர் சொன்னார். தட்டிய கையோடு வந்துவிட்டது: ஆண் 2, பெண் 3, வாழைச்சேனைப் பக்கத்து முகாம். அந்த மனிதர் கண்ணாடித் திரையை விரலால் தடவினார். அந்த விரல் தடத்தைத் துடைக்க எனக்கு மனம் வரவில்லை.

நவம்பர் 19, ஞாயிறு

அடைமழை. பக்கத்து வீட்டுக் கோணாமலை கணவாய்க் கறி கொண்டுவந்தார். கடலுக்குப் போகத் தடை என்பதால் கரையிலேயே தூண்டில் போடுகிறார். அவருக்கு என் வேலை பெரிய பகிடி.

"நீங்கள் மிசினுக்குள்ள தேடுறியள், ஈஸ்வரியக்கா சனத்துக்குள்ள எல்லோ இருக்கிறா. ஒருக்கா பஸ் ஏறி மட்டக்களப்புக்குப் போய்ப் பாருங்கோவன் மாஸ்டர்."

நான் பள்ளிக்கூட மாஸ்டர் இல்லை என்று பலமுறை சொல்லியாகிவிட்டது. எங்கே போவது, எந்த முகாமுக்கு, எத்தனை சோதனைச் சாவடி? பெயர் கிடைக்கட்டும், போகிறேன் என்றேன். அவர் கறிச்சட்டியை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

டிசம்பர் 3, ஞாயிறு

தலையணை உறையை மாற்றவில்லை. மாற்ற வேண்டும். மாற்றினால் எண்ணெய் வாசம் போய்விடும்.

அவள் என்னை "இஞ்சருங்கோ" என்றுதான் கூப்பிடுவாள். கலியாணம் முடித்த நாளிலிருந்து என் பெயரை வாயால் சொன்னதில்லை. ஒருமுறை தபால்காரர் பதிவுக் கடிதத்தோடு வந்து வீட்டுக்காரரின் பெயர் கேட்க, வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற கோணாமலையைக் கூப்பிட்டுச் சொல்ல வைத்தாள். இரவு முழுக்கச் சிரித்தோம்.

"இஞ்சருங்கோ" என்பதற்கு என்ன மீதி வரும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். பைத்தியக்காரத்தனம்.

டிசம்பர் 21, வியாழன்

வாகரையிலிருந்து சனம் காட்டாலும் கடலாலும் மட்டக்களப்புக்கு வந்துகொண்டிருக்கிறது. பட்டியல்கள் இறுவட்டில், சீடியில் வருகின்றன, பஸ் சாரதி ஒருவர் மடியில் கட்டிக்கொண்டு வந்து தருகிறார். கிடைக்கக் கிடைக்க டேபிளில் ஏற்றுகிறேன். ஒவ்வொரு முறையும் ஏற்றி முடியும் வரைக்கும் ஒரு நம்பிக்கை. பிறகு பெயரைத் தட்ட வேண்டும். தட்டாமல் இருந்தால் நம்பிக்கை இன்னும் கொஞ்சம் இருக்கும். இன்று மத்தியானம் வரை தட்டவில்லை.

இல்லை.

2007 ஜனவரி 9, செவ்வாய்

நிரலில் பிழை.

புது இறுவட்டை ஏற்றி, ஈஸ்வரியைத் தேடி, வள்ளியம்மாவைத் தேடி, வழக்கம்போல என் பெயரைத் தட்டினேன். 'இருக்கிறது' என்றது. ஊர்: சம்பூர். ஆண் 0, பெண் 1. முகாம் ஒரு பாடசாலை.

தலைவர் ஆண், குடும்பத்தில் ஆண் பூச்சியம். இப்படி ஒரு குடும்பம் இருக்க முடியாது. எங்கேயோ நினைவகம் குழம்பியிருக்கிறது. இத்தனை நாளும் சனத்துக்குச் சொன்ன விடைகள் சரியா? யாரை எங்கே தவறாக அனுப்பினேன்? நஜ்முன் நிஸாவிடம் சொல்லவில்லை.

ஜனவரி 10, புதன்

கண்டுபிடித்துவிட்டேன் என்று நினைக்கிறேன்.

எழுதும் சோம்பலில் ஒரே செயற்கூறுக்கு இரண்டு வேலை கொடுத்திருந்தேன்: தேடு, கிடைக்காவிட்டால் சேர். பட்டியல் ஏற்றும்போது இரண்டும் வேண்டும். வெறுமனே தேடும்போது சேர்க்காதே என்று ஒரு குறிப்புக் கொடுப்பேன். என்றோ ஒருநாள் அந்தக் குறிப்பை விட்டிருப்பேன். தேடிய என் பெயர் சேர்ந்துவிட்டது. அப்படியென்றால் ஊரும் எண்ணிக்கையும் எங்கிருந்து வந்தன? malloc என்ற கட்டளையிடம் கேட்டால் தருகிற நினைவகம் கழுவித் துடைத்த வீடு அல்ல, முன்பு இருந்தவர்கள் விட்டுப்போன சாமான் அதற்குள் அப்படியே கிடக்கும். யாரோ ஒரு சம்பூர்ப் பெண்ணின் மிச்சத்தில் என் பெயர் குடியேறியிருக்கிறது.

இந்த வயதில் மாணவப் பிழை. வெட்கமாக இருக்கிறது.

ஜனவரி 11, வியாழன்

அந்தப் பதிவை அழித்துவிட்டேன். சங்கிலியில் முன்னுக்கும் பின்னுக்கும் உள்ளவர்களை ஒழுங்காக இணைத்து, சேமித்து, மறுபடி தட்டினேன். 'இல்லை.'

இன்றைக்காவது நித்திரை வரும்.

ஜனவரி 12, வெள்ளி

மட்டக்களப்பில் பாடசாலைகள் திறக்க வேண்டுமாம். அங்கே இருக்கும் சனத்தை வேறு முகாம்களுக்கு மாற்றப் போகிறார்கள் என்று நஜ்முன் நிஸா சொன்னார். முகாம் பெயர்களையெல்லாம் திருத்த வேண்டிவரும். குறித்துக்கொண்டேன்.

ஜனவரி 15, திங்கள்

தைப்பொங்கல். கோணாமலை வீட்டுப் புக்கை, சர்க்கரைப் பொங்கல். இனிப்பு அதிகம். ஈஸ்வரி என்றால் இரண்டாந்தரம் அள்ளவிடாமல் என் கையைப் பிடித்திருப்பாள்.

ஜனவரி 17, புதன்

நிதானமாக எழுத வேண்டும்.

தேடலையும் சேர்த்தலையும் இரண்டு தனிச் செயற்கூறுகளாகப் பிரித்து எழுதி முடித்தேன். malloc இருந்த இடமெல்லாம் calloc. அது இடத்தைப் பூச்சியத்தால் நிரப்பித்தான் தரும். பிறகு, எதற்கும் இருக்கட்டும் என்று, டேபிளை முழுவதும் அழித்து எல்லா இறுவட்டுகளையும் முதலிலிருந்து ஏற்றினேன். முதல் வேலையாக என் பெயரைத் தட்டினேன்.

இருக்கிறது. சம்பூர். ஆண் 0, பெண் 1. பாடசாலை முகாம்.

அப்போதும் எனக்கு விளங்கவில்லை. அதைத்தான் எழுதுகிறேன். அப்போதும் என் கணக்கில்தான் பிழை என்று நினைத்து, பெருக்கலை விரலால் தொட்டுத் தொட்டுச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். நஜ்முன் நிஸா தேநீரோடு வந்து பின்னால் நின்று பார்த்தார். தலைவர் ஆண், ஆண் பூச்சியம், இப்படி வருமா என்று அவரிடம் கேட்டேன்.

"ஏன் சேர் வராது? என்ட நிவாரணக் கார்ட்ல தலைவர் என்ட புருசன், அவர் கட்டார்ல வேலைக்கு இரிக்கார். எங்கட வீட்லயும் ஆண் பூச்சியம்தான்." பிறகு திரையில் இருந்த பெயரை வாசித்தார். கோப்பையை மேசையில் வைத்தார். "சேர், இது உங்கட பேர்."

ஓம் என்றேன்.

"வேற ஆரு சேர் உங்கட பேரை அங்க எழுதுவாங்க?"

நான் அழிச்சுப்போட்டன். என்ர கையால அழிச்சுப்போட்டன். ஈஸ்வரி அங்க இருக்கிறாள், நான் குப்பை எண்டு அழிச்சுப்போட்டு நிம்மதியா நித்திரை கொண்டனான்.

ஜனவரி 18, வியாழன்

அந்தப் பாடசாலை போன கிழமையே காலியாகிவிட்டது. நஜ்முன் நிஸா காலையிலிருந்து தொலைபேசியில். சனத்தை மூன்று இடங்களுக்குப் பிரித்து ஏற்றினார்களாம், யார் எங்கே என்று இன்னும் பட்டியல் வரவில்லை. பாடசாலை திறக்கப் போகிறது என்று அவர் சொன்ன அன்றே எனக்கு விளங்கியிருந்தால்…

விடியப்புறம் விழித்துக்கொண்டு கிடந்தபோதுதான் மற்றது உறைத்தது. பெண் 1. அது ஈஸ்வரி என்றால், வள்ளியம்மா?

ஜனவரி 20, சனி

பட்டியல் வர இரண்டு மூன்று கிழமை ஆகும் என்கிறார்கள். வந்ததும் ஏற்றலாம். ஏற்றித் தேடலாம். சரியான முகாம் தெரிந்த பிறகு போவதுதான் முறை.

முறை என்று எழுதிவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். முறையாகத் தேடித்தானே அழித்தேன்.

கோணாமலையிடம் போய்ச் சொன்னேன். பகிடி ஒன்றும் விடவில்லை. உள்ளே போய்த் தன் பிரயாணப் பையைத் தட்டி எடுத்துவந்து தந்தார். மீன் மணம். "நானும் வருவன் மாஸ்டர், எனக்குப் பாஸ் தரமாட்டாங்கள். நீங்கள் பென்சன் ஆள். உங்களைப் பாத்தா ஆரும் பயப்பிடமாட்டினம்" என்றார்.

ஜனவரி 23, செவ்வாய்

ஹபரணை, பொலன்னறுவை சுற்றி மட்டக்களப்புக்கு வந்த பஸ். ஒவ்வொரு சாவடியிலும் இறங்கி நடந்து ஏறினோம். ஓரிடத்தில் ஒரு சின்ன வயது ஆமிக்காரன் அடையாள அட்டையையும் என்னையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு எங்கே போகிறேன் என்று சிங்களத்தில் கேட்டான். மனைவியிடம் என்றேன். அந்தச் சொல்லைச் சிங்களத்தில் இதுவரை சொன்னதில்லை. போகவிட்டான்.

முதல் முகாமில் இல்லை. இரவு ஒரு கோயில் மண்டபத்தில் படுத்தேன்.

ஜனவரி 24, புதன்

இரண்டாவது முகாம். வயல்வெளியில் வெள்ளைத் தறப்பாள் கூடாரங்கள், எல்லாம் ஒரே மாதிரி. சேற்றில் செருப்பு நிற்கவில்லை, கையில் எடுத்துக்கொண்டேன். வரிசைக்கு இலக்கம் கிடையாது. எந்தக் கணக்காலும் எந்தக் கதவுக்கும் நேராகப் போக ஏலாது. ஒவ்வொன்றாகத்தான்.

சம்பூரிலிருந்து வந்த இரத்தினேஸ்வரி என்று விசாரித்தேன். தெரியாதென்று தலையாட்டினார்கள். அக்கா வீட்டுக்கு வந்து அகப்பட்டவளை ஊருக்குள் யாருக்குத் தெரியும்? பிறகுதான், அட்டையில் இருக்கிற பெயரையல்லவா கேட்க வேண்டும் என்று நினைத்தேன். இரண்டு வரிசைக்கு நடுவே நின்று, "பாக்கியரத்தினத்தின்ர குடும்பம் எது?" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. விறகு கட்டிக்கொண்டிருந்த ஒரு பெண் நிமிர்ந்தாள்.

"ஐயா, செத்த வீட்டில கேக்கிற மாதிரிக் கேட்டா ஆருக்குக் கேக்கும்? சத்தமாக் கேளுங்கோ."

நான் வாழ்க்கையில் சத்தம் போட்டவன் இல்லை. போட்டேன். என் பெயரை நானே கூவிக்கொண்டு, செருப்பும் மீன் மணக்கும் பையுமாக, வரிசை வரிசையாகப் போனேன். பிள்ளைகள் பின்னால் வந்து என்னைப் போலவே கூவினார்கள். கூடாரங்களுக்குள்ளிருந்து தலைகள் எட்டிப் பார்த்தன. நான் நிறுத்தவில்லை.

கடைசிக்கு முந்திய வரிசையில், மூடியிருந்த தறப்பாளுக்குள்ளிருந்து பதில் வந்தது. யாரோ அலுவலர் பதிவுக்கு வந்திருக்கிறார் என்று நினைத்திருப்பாள்.

"அவர் இஞ்ச இல்லை. நான்தான் இருக்கிறன். என்ன வேணும்?"

ஜனவரி 25, வியாழன்

மெலிந்துவிட்டாள். வலது காலில் புண். வள்ளியம்மாவை வாகரைக்குக் கதிரையில் வைத்துத் தூக்கி வந்தார்களாம். நவம்பரில், மழைக்குள், அங்கேயே முடிந்துவிட்டது. சொல்லும்போது அவள் அழவில்லை. வேறு ஏதோ கதைத்துக்கொண்டிருந்தபோது அழுதாள். எனக்கு இரண்டு கடிதம் போட்டாளாம். ஒன்றும் வரவில்லை.

நான் அழித்ததைச் சொன்னேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை. கணினி, டேபிள், சங்கிலி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "என்ர பேரிலயோ தேடினியள்?" என்றாள்.

உன்னைத்தானே தேடினேன், வேறு யாருடைய பெயரில் தேடுவது என்றேன்.

"குடும்பத் தலைவர் ஆர் எண்டு கேட்டவங்கள். நீங்கள் இருக்கேக்க நான் என்னெண்டு என்ர பேரைச் சொல்லுறது? அது நீங்கள் இல்லை எண்டு சொன்ன மாதிரி."

என் பெயரைச் சொன்னாயா என்று கேட்டேன்.

"சொல்லேல்ல. பேனையை வாங்கி எழுதிக் குடுத்தனான்."

பெப்ரவரி 2, வெள்ளி

கிராம சேவகர் வந்தார். சம்பூர் என்று பதிந்தவர்கள் தனித்தனியாக வெளியேற முடியாதாம். மேலிடத்தில் அனுமதி வேண்டும், எப்போது வரும் என்று அவருக்கே தெரியாது. நான் திருகோணமலைக்காரன், நான் போகலாம். நாளைக் காலையில் ஒரு லொறி போகிறது என்றார்.

ஈஸ்வரி என்னைப் பார்க்கவில்லை. சுள்ளி முறித்துக்கொண்டிருந்தாள். "போங்கோ. வீடு சும்மா கிடக்கக் கூடாது. மிசின் வேலையும் கிடக்கு" என்றாள்.

பெப்ரவரி 3, சனி

லொறி போய்விட்டது. சாரதியிடம் நஜ்முன் நிஸாவுக்கு ஒரு கடிதம் கொடுத்துவிட்டேன். நிரலை எப்படி ஓட்டுவது என்று விளக்கமாக எழுதியிருக்கிறேன். தனியாக ஒரு வரியும்: யாருக்காவது இல்லை என்று வந்தால், வீட்டுக்காரர் பெயரிலும் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், அவர் எங்கே இருந்தாலும், இறந்துபோயிருந்தாலும். வீட்டைப் பூட்டிக் கொடுத்த திறப்பு கோணாமலையிடம் இருக்கிறது.

மத்தியானம் அவள் வழமையை விடக் கூடச் சோறு போட்டாள்.

பெப்ரவரி 19, திங்கள்

அவள் கால் புண் ஆறவில்லை, ஆகவே தண்ணீருக்கு நான் போகிறேன். தண்ணீர்ப் பவுசர் லொறி வரப் பிந்திவிட்டது. வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற, வெருகல் பக்கத்துக் கிழவர் ஒருவர், வெயிலுக்குத் துவாயைத் தலையில் போட்டுக்கொண்டு கதை கொடுத்தார். எந்த ஊர் என்று கேட்டார்.

சம்பூர் என்றேன்.